அன்ரி கிடைச்சிட்டா

ஹோய் ஆன், வியட்நாம்
11.03.2025, செவ்வாய்

கிஷாந்துக்கு,

நான் சுகம். நீ சுகமா என்று கேட்க இன்றைக்கு எனக்கு மனமில்லை.

வாட்ஸ்அப்பில் உன்னைத் தடுத்துவிட்டேன். நீ போன் எடுத்தாலும் பேசமாட்டேன். சொல்லவேண்டியதை மெயிலில் எழுதித்தான் சொல்லப்போகிறேன். கதைத்தால் நீ "அம்மா, அம்மா" என்று குறுக்கே வருவாய், நான் கத்துவேன், உன் மனைவி மிதுனா போனை வாங்கி "ஓக்கே மாமி, விடுங்கோ மாமி" என்பாள், விஷயம் அதோடு கரைந்துபோகும். இது கரையக்கூடாது.

முப்பத்தொரு வருடம் கொழும்பில் புதுக்கடை நீதிமன்றங்களில் உரைபெயர்ப்பாளராக நின்றவள் நான். மற்றவர் சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் சிங்களத்தில் சொல்வதுதான் என் வேலை. நேற்று நடந்ததையும் அப்படியே எழுதுகிறேன். கடைசிவரைக்கும் வாசி.

காலை ஆறு மணிக்கு மி சோனுக்கு பஸ் ஏறினேன். சாம் அரசர்கள் கட்டிய சிவன் கோயில்கள் அங்கே இடிந்து கிடக்கின்றன. இந்த நாட்டுக்கு நான் வந்ததே அதைப் பார்க்கத்தான், உனக்குத் தெரியும். போனை அறை மேசை லாச்சிக்குள் வைத்துவிட்டுப் போனேன். மறதியில்லை, வேண்டுமென்றே வைத்தேன். மணிக்கொரு தரம் "எங்கை நிக்கிறீங்கள், சாப்பிட்டாச்சா, குளிசை போட்டாச்சா" என்று கேட்கிற சாமானை மடியில் வைத்துக்கொண்டு சிவனுக்கு முன்னால் நிற்க எனக்கு விருப்பமில்லை. அங்கே பூசையும் இல்லை, விளக்கும் இல்லை. யாரும் கேட்காமலே செருப்பைக் கழற்றினேன். தொடக்கூடாது என்று எழுதியிருந்தது, தொடவில்லை. கைகூப்பி நின்று வாய்க்குள் ஒரு தேவாரம் சொன்னேன். அவ்வளவு நிம்மதியாக இருந்து எத்தனை வருடம் என்று எனக்கே ஞாபகமில்லை.

மூன்று மணிக்குத் திரும்பி வந்தால் வாசலில் லான் நிற்கிறாள். விடுதியை நடத்துகிற பெண் அவள்தான், பெரிய இடமில்லை, எட்டு அறை. முகம் சரியில்லை. தெரிந்த கொஞ்ச இங்கிலீசில் "உங்கட சகோதரர் அறையிலை இருக்கிறார்" என்றாள். எனக்கு ஆண் சகோதரம் இல்லை என்பதை உனக்கு நான் சொல்லத் தேவையில்லை.

கதவு திறந்து கிடந்தது. நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு மனிதன், சப்பாத்துக் காலோடு என் அறைக் கதிரையில் இருக்கிறான். என் பை கட்டிலில் திறந்து கிடக்கிறது. ஜன்னலில் காயப்போட்டிருந்த என் உள்பாவாடையை மடித்து ஒரு பக்கம் வைத்திருக்கிறான். கையில் என் பாஸ்போட்டின் பிரதி.

"அன்ரி, பயப்பிடாதேங்கோ. நான் சாரங்கன். டா நாங்கிலை கார்மன்ட்ஸ் ஃபக்டரியிலை மனேஜரா இருக்கிறன். உங்கட மகன் எங்கட தமிழாக்கள் வாட்ஸ்அப் குரூப்பிலை உங்களைக் காணேல்லை எண்டு போட்டிருந்தவர், கண்ட உடனை வெளிக்கிட்டு வந்தனான்."

சொல்லிக்கொண்டே போனைத் தூக்கி என் முகத்துக்கு நேரே பிடித்தான்.

"ஒரு சொல்லுச் சொல்லுங்கோ அன்ரி. எல்லாரும் பயந்துபோய் இருக்கினம்."

"வெளியிலை போ" என்றேன். அதுதான் அவன் பிடித்த வீடியோ. வெயிலில் நின்று வந்த முகம், கலைந்த தலை, வெளியிலை போ.

சத்தம் கேட்டு லான் மேலே வந்தாள். அவளைப் பார்த்து அவன் கத்தின கத்து! வயதான பெண்ணைத் தனியே விட்டாயாம், ஏதும் நடந்திருந்தால் விடுதியை மூடவைத்திருப்பானாம். அவள் தலையைக் குனிந்துகொண்டு நிற்கிறாள். இந்த நாட்டில் விடுதியில் தங்குகிற ஒவ்வொருவரின் பெயரையும் பொலிசில் பதியவேண்டும். பதியாத ஆண் ஒருவனை ஒரு விருந்தாளியின் அறைக்குள் விட்டது அவள் தலையில்தான் விடியும். நான் இங்கே வருமுன் முதலில் பாடமாக்கிய சொல் "சின் லோய்", மன்னிக்கவேண்டும் என்று அர்த்தம். தெரியாமல் ஏதும் பிழை விட்டால் சொல்லத்தான் பாடமாக்கினேன். நேற்று எவனோ செய்ததுக்கு நாலு தரம் சொன்னேன்.

போகிற போக்கில் எனக்கு உபதேசம் வேறு. "எங்கட வீட்டை வாங்கோ அன்ரி. பொம்பிளை இப்பிடித் தனிய நிக்கிறது வடிவில்லை."

பிறகு பக்கத்து வீட்டுச் செலீன் போன் எடுத்தாள். "அக்கா, உங்கட வீடியோ எங்கட ஃபிளாட் குரூப்புக்கும் வந்திட்டுது. 'அன்ரி கிடைச்சிட்டா' எண்டு போட்டிருக்கினம். கீழை, 'ஆள் கொஞ்சம் குழம்பிப்போய் இருக்கிறா, வயசு தானே' எண்டும் இருக்கு." வீடியோவோடு என் பாஸ்போட், விடுதியின் பெயர், அறை நம்பர் எல்லாம் சுற்றுகிறதாம்.

புறப்பட முதல்நாள் உன்னைச் சாப்பாட்டு மேசையில் இருத்தி அந்தப் பிரதியைத் தந்தேன். எந்த நாள் எந்த விடுதி என்று எழுதியும் தந்தேன். தனியே போகிறவர் தன் விபரத்தை நம்பிக்கையான ஒரே ஒரு ஆளிடம் கொடுத்துவைக்கவேண்டும் என்று படித்திருந்தேன். மற்றவரிடம் அறை நம்பரைக்கூடச் சொல்லக்கூடாது. சாவி தரும்போது நம்பரைச் சத்தமாகச் சொன்ன பெண்ணிடம் "எழுதித் தா பிள்ளை" என்று கேட்டு வாங்கியவள் நான். செலீனிடம் கொடுக்கவில்லை, என் தங்கச்சிமாரிடம் கொடுக்கவில்லை, உன்னிடம் கொடுத்தேன். அந்த ஒரு ஆளை நீ நானூறு ஆளாக்கிப்போட்டாய்.

எனக்கு இரண்டு பதில் வேண்டும். யாரைக் கேட்டுக் குரூப்பில் போட்டாய்? அவனை என் சகோதரன் என்று சொல்லச் சொன்னது யார்?

கோபத்தோடு,
அம்மா


வெள்ளவத்தை
12.03.2025

அன்புள்ள அம்மாவுக்கு,

கோட்டில் நிறுத்தின மாதிரிக் கேட்கிறீர்கள். சரி, கூண்டில் ஏறுகிறேன்.

திங்கட்கிழமை உங்களுக்கு இருபத்தேழு தரம் போன் எடுத்தேன். மணி அடிக்கிறது, ஆளில்லை. விடுதிக்கு எடுத்தேன், யாரோ ஏதோ பாஷையில் கதைத்துவிட்டு வைத்துவிட்டார்கள். உங்களுக்கு அறுபத்தொரு வயது. சீனி வருத்தம், குளிசை தவறினால் மயக்கம் வரும். முன்பின் தெரியாத நாடு. கோயிலுக்குப் போகிறேன், போனைக் கொண்டுபோகவில்லை என்று ஒரு வரி போட்டுவிட்டுப் போயிருந்தால் இவ்வளவும் நடந்திருக்குமா? அதை ஏன் உங்கள் கடிதத்தில் எழுதவில்லை?

சகோதரன் என்று சொல்லச் சொன்னது நான்தான். வேறு ஆள் என்றால் விடுதிக்காரர் ஒன்றும் சொல்லமாட்டார்கள் என்று மிதுனாவின் மாமா சொன்னார். விடுதிக்கு மெயில் போட்டதும் நான்தான். நீங்கள் கட்டிலில் மயங்கிக் கிடக்கிறீர்கள் என்றுதான் என் மனதில் ஓடியது. உள்ளே போய்ப் பார்க்க ஒரு ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

அந்த மனிதர் வேலைக்கு லீவு போட்டு, ஒரு மணித்தியாலம் கார் ஓடி வந்தவர். எங்கட ஆள் அம்மா. ஒரு கிளாஸ் தண்ணி கொடுத்தீர்களா? "வெளியிலை போ" என்று அவர் முகத்துக்குச் சொல்லியிருக்கிறீர்கள். அதை ஊரே பார்த்துவிட்டு என்னைக் கேட்கிறது, தாயைத் தனியே அனுப்பிவிட்டு நீ என்ன மகன் என்று. காந்தி லொட்ஜ் பக்கம் தேத்தண்ணி குடிக்கக்கூடப் போக முடியவில்லை.

சனிக்கிழமை கோலாலம்பூர் வழியாக வருகிறேன். ரிக்கெற் போட்டாயிற்று. வந்து கூட்டிக்கொண்டு போகிறேன். மிச்சத்தை வீட்டில் வைத்து ஏசுங்கள்.

உங்கள் மகன்,
கிஷாந்த்


13.03.2025

கிஷாந்துக்கு,

மேலே ஊர்ப் பெயர் எழுதவில்லை, கவனித்திருப்பாய். லானின் விடுதியை விட்டு வந்துவிட்டேன்.

ஏன் வந்தேன் என்று கேள். உன் கடிதம் வந்த அன்றைக்கே கனடாவிலிருந்து ஒரு அம்மா விடுதிக்குப் போன் எடுத்து, என்னைப் பத்திரமாகப் பார்க்கச் சொல்லி லானுக்குக் கட்டளை போட்டிருக்கிறா. யாரென்றே எனக்குத் தெரியாது. படம் போடாத ஒருவன் "அன்ரி தனியவோ, துணை வேணுமோ" என்று எனக்குச் செய்தி அனுப்புகிறான். என் நம்பர் அவனுக்கு எப்படிக் கிடைத்தது? எங்கட ஆள்தானே! எங்கட ஆள் என்றால் என் அறைக்குள் வரலாம், பையைக் கிண்டலாம், உள்பாவாடையை மடிக்கலாம், என்ன?

நான் இங்கே வந்து பன்னிரண்டு நாள். தெருவில் மீன் விற்கிறவர், மோட்டச்சைக்கிள் ஓடுகிறவர், பாதை கேட்டால் கையைப் பிடித்துக் கடத்திவிடுகிற பிள்ளைகள், ஒருவர்கூட என்னிடம் மரியாதை தப்பி நடக்கவில்லை. என் கதவைத் திறந்து உள்ளே வந்த ஒரே ஆள் நீ அனுப்பிய ஆள்.

லானைப் பொலிசுக்கு வரச்சொல்லி விசாரித்தார்கள். அரை நாள் போய்விட்டது அவளுக்கு. அவள் என்னைப் போகச் சொல்லவில்லை. என் பாஸ்போட்டைத் திருப்பித் தரும்போது வழக்கம்போல இரண்டு கையாலும்தான் தந்தாள், ஆனால் முகத்தைப் பார்க்கவில்லை. முதல்நாள் எனக்கு அன்னாசி வெட்டித் தந்தவள். ஒருவர் வீட்டுக்குப் போய் அவர்களைப் பொலிஸ் வாசலில் நிறுத்திவிட்டு வந்திருக்கிறேன் நான். வெட்கக்கேடு.

ஒரு வரி போட்டுவிட்டுப் போயிருக்கலாம் என்கிறாய். போட்டிருக்கலாம். அது என் பிழைதான், ஒத்துக்கொள்கிறேன். ஒன்பது மணித்தியாலம் பதில் சொல்லாமல் இருந்ததுக்குத் தண்டனை இதுவா?

தேத்தண்ணி குடிக்கப் போக வெட்கமாக இருக்கிறதாம் துரைக்கு. உன்னை நாலு பேர் ஒரு மாதிரிப் பார்த்ததுக்கே இந்தப்பாடு. என்னை நானூறு பேர் பார்த்தார்களே, மூளை குழம்பின விசரி என்று சொல்லிச் சொல்லிப் பார்த்தார்களே, அது உனக்கு உறைக்கவில்லையா?

சனிக்கிழமை நீ வந்தால் விமான நிலையத்தில் நின்று வெறும் வியட்நாமைத்தான் பார்ப்பாய். என்னைக் காணமாட்டாய். ஆறு வயதுப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகிற மாதிரி என்னைக் கூட்டிக்கொண்டு போக விடமாட்டேன்.

லானுக்கு நீ மன்னிப்புக் கேட்டு எழுது. உன் கையால் எழுது.

அம்மா


வெள்ளவத்தை
14.03.2025

அம்மாவுக்கு,

நானும் கோபத்தோடுதான் எழுதுகிறேன். உங்களுக்கு மட்டும்தான் கோபம் வருமா?

யாரைக் கேட்டுக் குரூப்பில் போட்டாய் என்று முதல் கடிதத்தில் கேட்டிருந்தீர்கள். பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். உங்களைக் கேட்டுத்தான் போட்டேன்.

இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டு, கொழும்பில் தமிழரைப் பிடித்துக்கொண்டுபோன காலம், எனக்குப் பதினொரு வயது. அப்பா கடையிலிருந்து வரவில்லை. அடுத்தநாள் காலை என்னைப் பள்ளிக்கூடம் அனுப்பாமல், என் பள்ளிக்கூடப் பையிலிருந்த புத்தகங்களைக் கொட்டிவிட்டு ஃபோட்டோ கொப்பிகளால் நிரப்பினீர்கள். அப்பாவின் அடையாள அட்டை, அப்பாவின் படம், எங்கள் வீட்டு நம்பர். கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தை வரைக்கும் ஒரு கடை விடாமல் கொடுத்தோம். பஸ் கொண்டக்டர்மாருக்குக் கொடுத்தோம். மஷூர் நானாவின் ஹார்ட்வெயாரில் கண்ணாடியில் ஒட்டினோம். எனக்கு வெட்கமாக இருந்தது, ஒரு கடைக்கு முன்னால் நின்றுவிட்டேன். அப்போது நீங்கள் சொன்னீர்கள், "ஆளைக் காணேல்லை எண்டா யோசிக்கக்கூடாது தம்பி. படத்தையும் நம்பரையும் எல்லாருக்கும் குடுக்கவேணும். எத்தினை பேருக்குத் தெரியுதோ, அவ்வளவுக்கு ஆளை ஒண்டும் செய்யேலாது."

நாலாம் நாள் அப்பா வந்தார். நான் கொடுத்த பேப்பர்தான் அவரைக் கொண்டுவந்தது என்று இன்றைக்கும் நம்புகிறேன்.

திங்கட்கிழமை ஒன்பதாவது தரமும் நீங்கள் போன் எடுக்காதபோது நான் யோசிக்கவில்லை அம்மா. யோசிக்கக்கூடாது என்றுதானே சொல்லித் தந்தீர்கள். உங்கள் பாஸ்போட் பிரதியை எடுத்தேன், படத்தை எடுத்தேன், அனுப்பினேன். எவரோ ஒருவருடைய அம்மாவுக்கு நான் இப்படிச் செய்திருந்தால் நீங்களே என்னைக் கெட்டிக்காரன் என்று சொல்லியிருப்பீர்கள்.

இப்போது வந்து வெட்கக்கேடு என்கிறீர்கள். என்னை வேறு மாதிரி வளர்த்திருக்கலாம்.

கிஷாந்த்


16.03.2025

அன்புள்ள மகன் கிஷாந்துக்கு,

உன் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். நேற்று நீ வந்து இறங்கியிருப்பாயோ என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். கோபம் இன்னும் இருக்கிறது. இப்போது அதில் பாதி என்மேல்.

நீ பதினொரு வயதுப் பிள்ளை என்று அன்றைக்குச் சொல்லாமல் விட்டதை இன்றைக்குச் சொல்கிறேன். அப்பாவைக் கொண்டுவந்தது அந்தப் பேப்பர் இல்லை. இரண்டாம் நாளே அவர் எந்தப் பொலிஸ் நிலையத்தில் இருக்கிறார் என்று எனக்குத் தெரியும். கோட்டில் என்னோடு பழகின வலன்ரைன் என்ற சட்டத்தரணி ஐயா அலைந்து திரிந்து கண்டுபிடித்தார். அவர்தான் பேசி வெளியே எடுத்தார். பேப்பரைக் கண்டு எவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அப்பா வந்தார், பேப்பர் போகவில்லை. மாதக்கணக்காக அது வெள்ளவத்தைக் காலி வீதிக் கடைகளில் கிடந்தது. பஸ்ஸில் ஏறினால் கொண்டக்டர், "ஆ, காணாமப்போன மாத்தயா" என்று அவரைப் பார்த்துச் சத்தம்போட்டுச் சிரிப்பான். கடையில் போய் நின்றால் முதலாளி அவசரமாகச் சாமானைக் கட்டிக் கொடுப்பார். பிடித்துக்கொண்டு போன ஆள் என்றால் அந்தக் காலத்தில் எல்லாருக்கும் பயம், பக்கத்தில் நிற்கவும் பயம். பதினேழு வருடம் வேலை செய்த கடையிலேயே "கொஞ்ச நாள் வீட்டிலை நில்லுங்கோ சிவபாதம்" என்றார்கள். அந்தக் கொஞ்ச நாள் முடியவேயில்லை.

அப்பாவுக்குக் கடற்காற்றுப் பிடிக்கும், எங்கே போனாலும் கடற்கரை ரயில் பாதை ஓரமாகத்தான் நடப்பார் என்று நீ எல்லாரிடமும் பெருமையாகச் சொல்வாய். செத்தவீட்டிலும் சொன்னாய். காலி வீதியில் முகம் காட்டப் பிடிக்காமல்தான் அவர் அந்தப் பக்கம் போய்வந்தார், மகன்.

ஒருநாள் என்னிடம் கேட்டார், "எத்தினை பேப்பர் குடுத்தனி?"

"தெரியாது" என்றேன்.

"அதுகளைத் திருப்பி வாங்கேலாது, கொழுந்து." அன்பாகக் கதைத்தால் என்னை அப்படித்தான் கூப்பிடுவார்.

எனக்கு வந்த கோபம்! நாலு நாள் சாப்பிடாமல் ஓடினேன், இதுதானா எனக்கு நன்றி என்று கத்தினேன். ஒரு கிழமை அவரோடு கதைக்கவில்லை. உன் கடிதத்தில் நீ எழுதியிருக்கிறாயே, கார் ஓடி வந்தவருக்கு ஒரு கிளாஸ் தண்ணி கொடுத்தீர்களா என்று, கிட்டத்தட்ட அப்படித்தான் நானும் கத்தினேன். அதுக்குப் பிறகு எட்டு வருடம் உயிரோடு இருந்தார். ஒருநாள்கூட அவரிடம் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்கவேண்டிய விஷயம் என்றே எனக்குத் தெரியாது. அந்தச் சாரங்கன் என் முகத்துக்கு முன்னால் போனைப் பிடித்தபோதுதான் அப்பா என்ன கேட்டார் என்று விளங்கியது.

ஆகவே உன்னிடம் கேட்கிறேன். உன் பையில் அந்தப் பேப்பரை வைத்ததுக்கு என்னை மன்னித்துக்கொள். யோசிக்கக்கூடாது என்று சொன்னதுக்கும் மன்னித்துக்கொள். யோசிக்கவேண்டும், மகன். பயம் வந்தால் இன்னும் யோசிக்கவேண்டும்.

ஆனால் ஒன்று. இது என் பாதிப் பிழை. உன் பாதி உன்னிடம்தான் இருக்கிறது. அதை நான் எடுத்துக்கொள்ளமாட்டேன்.

இன்னும் பதினெட்டு நாள் இங்கே நிற்பேன். எந்த ஊர், எந்த விடுதி என்ற விபரம் செலீனிடம் இருக்கிறது. அவசரத்துக்குக் கூப்பிடவேண்டிய ஆள் என்ற இடத்தில் உன் பெயரை வெட்டிவிட்டு அவள் பெயரை எழுதினேன். எழுதும்போது அழுதேன், அதையும் மறைக்காமல் சொல்கிறேன். எனக்கு ஏதும் என்றால் அவளுக்குத்தான் முதலில் சொல்வார்கள், அவள் உனக்குச் சொல்வாள். அதுவரைக்கும் அவளிடம் கேட்காதே. நீ கேட்டால் அவள் இரங்கிவிடுவாள், மூன்று பிள்ளை பெற்றவள். அவள் இரங்கினால் எனக்கு நம்ப வேறு ஆள் இல்லை.

குளிசை ஒழுங்காகப் போடுகிறேன்.

அம்மா


வெள்ளவத்தை
19.03.2025

அன்புள்ள அம்மாவுக்கு,

சனிக்கிழமை நான் வரவில்லை. எயார்போட்டுக்குப் போகவென்று வெளிக்கிட்டு இரத்மலானைக்குப் போய் நண்பன் வீட்டில் இருந்துவிட்டு வந்தேன். மிதுனாவுக்கு அடுத்தநாள்தான் சொன்னேன்.

குரூப்பில் போட்டதை அழித்தேன். என்னால் அழிக்க முடிந்தது என் செய்தியை மட்டும்தான். எத்தனை பேர் வேறு இடங்களுக்கு அனுப்பினார்கள் என்று தெரியாது. அப்பா சொன்னது சரி. லானுக்கு எழுதினேன், இங்கிலீசில் என் கையால் எழுதிப் படம் எடுத்து அனுப்பினேன். பதில் இல்லை. சாரங்கனிடம் வீடியோவை எடுக்கச் சொன்னேன். உதவி செய்தவனுக்கு இதுவா மரியாதை என்று ஏசினார். எடுக்கவில்லை. நான் குரூப்பை விட்டு வெளியே வந்துவிட்டேன்.

அப்பாவைப் பற்றி இவ்வளவு காலம் சொல்லாமல் இருந்ததுக்கு உங்களில் எனக்குக் கோபம். செத்தவீட்டில் நான் அப்படிச் சொல்லும்போது பக்கத்தில்தானே நின்றீர்கள். அந்தக் கோபம் இந்தக் கடிதத்தோடு தீராது. நீங்கள் வந்த பிறகு கதைக்கவேண்டும். நான் குறுக்கே வரமாட்டேன்.

இன்று காலை படியில் இறங்கும்போது செலீன் அன்ரி எதிரே வந்தா. பாண் வாங்கிக்கொண்டு ஏறி வந்தவ. என்னைக் கண்டதும் நின்றா. நான் கேட்பேன் என்று அவவுக்குத் தெரியும், கேட்டால் சொல்லிவிடுவா என்பதும் அவவின் முகத்திலேயே தெரிந்தது.

"என்ன தம்பி, வேலைக்கோ?" என்றா.

"ஓம் அன்ரி" என்றேன். வழி விட்டு, இறங்கிப் போய்விட்டேன்.

உங்கள் மகன்,
கிஷாந்த்